பாலத்தைப் பார்த்தீர்கள், சரி, தண்டவாளத்தைப் பார்த்தீர்களா?

ஓய்வு பெற்றவர்கள் கூடும் எங்கள் மாதக் கூட்டத்தில் சென்ற முறை ஒரு நண்பர் ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக் போய் வந்ததைப் படம் போட்டுக் காட்டினார். நல்ல பேச்சாளர்தான். தங்கக் கொம்பு விரிகுடா, 2012-ல் திறந்த ருஸ்கி தீவுப் பாலம், இரண்டாம் உலகப் போரில் ஓடிய எஸ்-56 நீர்மூழ்கியைக் கரையேற்றி அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பது எல்லாம் வந்தன. மாஸ்கோவிலிருந்து 9288 கிலோமீட்டர் என்று காட்டும் ரயில் நிலையத் தூண் பக்கத்தில் அவர் நிற்கும் படமும் வந்தது. கடைசியில் சொன்னார்: "சுத்தமான ஊர், சரித்திரம் உள்ள ஊர். நம்ம பக்கம் அப்படி என்னய்யா இருக்கு?" எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

இவர் ஒருவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விளாடிவோஸ்டாக் பற்றித் தமிழில் நான் பார்த்த நாலைந்து காணொளிகளும் இதே ரகம்தான். பாலம், பனி, நண்டு, பாலம். சரித்திரம் என்ற சொல் மட்டும் பத்து தடவை வரும், சரித்திரம் வராது.

அந்த ஊருக்கு வயது 160-க்குச் சற்று மேல். 1860-ல் ரஷ்யக் கடற்படையினர் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு பீஜிங் உடன்படிக்கையில் அந்தக் கரை சீனாவின் கையை விட்டுப் போனது. 'கிழக்கை ஆள்' என்பதுதான் பெயரின் பொருள். சீனர்கள் அதற்கு வைத்திருந்த பெயருக்குக் கடல் அட்டைக் குடா என்று பொருள். (கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்காரர்களுக்குக் கடல் அட்டையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2001 முதல் இங்கே அதைப் பிடிக்கத் தடை.) ஊரைக் கட்டி எழுப்பிய கூலிகளிலும் வியாபாரிகளிலும் சீனர்களும் கொரியர்களும் ஏராளம். பஞ்சம் பிழைக்க எல்லை தாண்டி வந்த கொரியக் குடியானவர்கள் அங்கேயே தங்கிப் பிள்ளை குட்டி பெற்றார்கள். ஊர் ஓரத்தில் 'புதிய கொரியக் கிராமம்' என்று ஒரு குடியிருப்பே இருந்தது. பள்ளிக்கூடம், பத்திரிகை எல்லாம் அவர்கள் மொழியில் நடந்தன.

1937 ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஸ்டாலினும் மொலோட்டோவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கொரியர்கள் ஜப்பானுக்கு உளவு பார்க்கக்கூடும் என்ற சந்தேகம்தான் காரணம். அந்தத் தூரக் கிழக்குப் பகுதி முழுவதிலுமிருந்து சுமார் 1,72,000 பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றி, வாரக்கணக்கில் ஓட்டி, கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டார்கள். நண்பர் படம் எடுத்துக்கொண்ட 9288 கிலோமீட்டர் தூண் இருக்கிறதே, அந்தப் பாதையில்தான் அந்த ரயில்கள் போயின. எதிர்த் திசையில் வந்த ரயில்களில் கைதிகள் வந்தார்கள். கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் 1938 டிசம்பரில், 47 வயதில், விளாடிவோஸ்டாக் பக்கத்து இடைத்தங்கல் முகாமில்தான் இறந்தார்.

இதையெல்லாம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சொன்னேன். "சுற்றுலா போனவனிடம் பரீட்சை வைக்கிறீரே" என்றார் ஒருவர். "அது அவங்க நாட்டு விவகாரம்" என்றார் இன்னொருவர்.

முதலாமவரை விட்டுவிடலாம். இரண்டாமவருக்குத்தான் என் பதில். புதுக்கோட்டைக்காரர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வரலாமா? நம் ஜில்லாவிலிருந்து எத்தனை குடும்பம் பஞ்சத்துக்குப் பயந்து கண்டிச் சீமைக்குப் போனது! மலையை வெட்டிக் காபியும் தேயிலையும் வைத்தவர்களில் நம் பாட்டன் பூட்டன் உண்டு. 1948-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தவர்களை நம் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. போட் மெயில் என்று நாம் இன்றும் செல்லமாகச் சொல்லும் ராமேஸ்வரம் ரயில் வெறும் யாத்திரை ரயிலா?

துப்பாக்கி முனையில் அனுப்பியதும் ஒப்பந்தம் போட்டு அனுப்பியதும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளம்பு என்று இன்னொருவன் சொல்லி மூட்டை கட்டியவனுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது?

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் பிரதமர் மோடி விளாடிவோஸ்டாக் போனபோது அந்த ஊருக்கும் சென்னைக்கும் கடல்வழித் தடம் அமைக்க இரு நாடுகளும் கையெழுத்திட்டன. சுமார் 5,600 கடல் மைல். மும்பையிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகும் பழைய வழியில் நாற்பது நாள் ஆவது இதில் இருபத்துநாலு நாளாகக் குறையும் என்கிறார்கள். நிலக்கரி வரும், எண்ணெய் வரும், உரம் வரும். வரட்டும், நல்லதுதான். அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயர் இருந்தது. இலங்கையின் பெயர் இல்லை. சரக்குக்கு 5,600 மைலுக்குத் தடம் போட முடிகிறது. பாக் ஜலசந்தியைத் தாண்டி வந்தவருக்கு ஒரு தாள் தர முடியவில்லை.

லெணாவிலக்கு முகாம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? தோப்புக்கொல்லை, அழியாநிலை? முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால், இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்கிறது சட்டம். 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, நல்ல மனசு. பெயர் மாறியது, கையில் இருக்கும் அட்டை மாறவில்லை. எங்கள் மாதக் கூட்டத்தில் இந்த முகாம்களுக்குப் போய்வந்த படத்தை ஒருவரும் இதுவரை போட்டுக் காட்டியதில்லை.

விளாடிவோஸ்டாக் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது இணையத்திலேயே விசா கிடைக்கிறது. முட்டி ஒத்துழைத்தால் நானே கிளம்பிவிடுவேன். 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் பாரோவாக வந்த யூல் பிரின்னர் பிறந்த ஊர் வேறு. போகிறவர்கள் பாலத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு வாடகைக் கார் பிடித்து ஹபரோவ்ஸ்கயா தெருவுக்குப் போங்கள். புதிய கொரியக் கிராமம் இருந்த இடத்தில் 1999-ல் நிறுத்திய மூன்று உயரமான கல்தூண்கள் இருக்கின்றன. அதையும் ஒரு படம் எடுத்து வந்து, அடுத்த கூட்டத்தில் போடுங்கள். நான் முன் வரிசையில் உட்காருகிறேன்.