ஒரு மசோதா, ஒரு பக்கம்

நாங்கள் குடியிருப்பது அடையாறு கஸ்தூர்பா நகரில், எண்பதுகளில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். ஒரு பக்கம் குழாய் ஒழுக, இன்னொரு பக்கம் தூண் வெடிக்க, இடித்துக் கட்டலாமா என்ற பேச்சு எழாத சங்கக் கூட்டமே இல்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புதிய சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று நான் சொன்னதும், இரண்டாம் மாடி மாமி விடவில்லை. "அதென்ன கணக்கு? ஏன் முக்கால் பங்குன்னு வைக்கலே? இதை யாராவது அங்கே கேட்டாளா?"

'அங்கே' என்றால் கோட்டையில். நியாயமான கேள்விதான். மூன்றில் இரண்டு என்று சட்டம் சொல்லும். ஏன் மூன்றில் இரண்டு என்று சொல்லாது. அதற்கு மசோதாவோடு வரும் நோக்க காரண விளக்கவுரையையும், அவையில் யார் என்ன பேசினார்கள், யார் திருத்தம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கையில் கைப்பேசியும் வீட்டில் இணையமும் இருக்கும்போது இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். தேட உட்கார்ந்தால்தான் தெரியும்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022ஆம் ஆண்டுச் சட்டம். 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச் 6 அன்று. இடையில் போன காலத்தை எங்கே படிப்பது? மசோதா சட்டப்பேரவையின் இணையதளத்தில். சட்டமானபின் அரசிதழ், எழுதுபொருள் அச்சுத் துறையின் தளத்தில். நடைமுறைக்கு வரும் தேதியைக் குறிக்கும் அறிவிக்கை வீட்டுவசதித் துறையிடம். விதிகள் அதற்கும் பின்னால். போதாக்குறைக்கு மசோதாவாக இருக்கும்போது ஓர் எண், சட்டமானதும் வேறோர் எண். இரண்டையும் இணைத்துக் காட்டும் சீட்டு கையில் இல்லாவிட்டால், தேடுகிறவர் பாதி வழியில் நின்றுவிடுவார். ஆவணம் கிடைத்தாலும், அது தாளைப் படமெடுத்துப் போட்டதாக இருந்தால் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. இத்தனைக்கும், தமிழில் சொல் தேட வழிசெய்யும் ஒருங்குறியை அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல்!

வாடகைதாரர்கள் கதையும் இதேதான். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு வந்த புதிய சட்டம் 2017ஆம் ஆண்டின் 42ஆவது சட்டம். அமலானதோ 2019 பிப்ரவரி 22. தி.நகரில் சந்துக்குச் சந்து வாடகைக் கடைகள். 'அதான் 2017லேயே சட்டம் வந்துடுச்சே' என்று ஒரு கட்டட உரிமையாளர் 2018இல் சொல்லியிருந்தால், கடைக்காரர் எதைக் காட்டி மறுத்திருப்பார்?

இதெல்லாம் வக்கீல்கள் கவலை, நமக்கெதற்கு என்பவர்கள் மயிலாப்பூர் வரை வந்து பார்க்கட்டும். மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொள்வது பழைய சென்னையின் பழக்கம். மனை விலை ஏறியதும் காலி செய்யச் சொன்னார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் சென்னை மாநகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1922ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம். காலி செய்வதானால் கட்டடத்துக்கு இழப்பீடு. 9ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சென்று மனையையே விலைக்குக் கேட்கும் உரிமை. 1996இல் ஒரு திருத்தம் வந்து, கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது. நிலுவையில் இருந்த வழக்குகளும் அதோடு அற்றுப்போயின. மயிலாப்பூர் கிளப்பே இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. கோயில் மனையில் தாத்தா கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தத் திருத்தம் ஏன் வந்தது, எந்த வாதத்தின் பேரில் வந்தது என்பது ஏட்டுப் படிப்பா?

சட்டமாகாமல் போன மசோதாவின் நிலை இன்னும் மோசம். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. 65-ஏ என்ற புதிய பிரிவின் வழியாகப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுத்த மசோதா அது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24இல் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவிப்பு. சட்டத் தொகுப்பில் தேடினால் அது கிடைக்காது. ஏனென்றால் அது சட்டமே ஆகவில்லை. ஆனால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அந்தப் பத்து நாள் சின்ன விஷயமா? அதே ஏப்ரல் 21இல்தான், நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் பெருந்திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழி செய்யும் மசோதாவும் விவாதமின்றி நிறைவேறியது. பேச்சே இல்லாத இடத்தில் பேச்சைத் தேடி என்ன பயன் என்கிறீர்களா? விவாதம் நடக்கவில்லை என்பதும் பதிவாக வேண்டிய செய்திதான்.

நமக்கு மேலவை இருந்தது. 1986 நவம்பர் 1இல் அது போயிற்று. அதுவரை ஒரு மசோதாவை இரண்டு அவைகள் பார்த்தன. பின்னால் வருகிறவர்களுக்கு இரண்டு விவாதக் குறிப்புகள் மிஞ்சின. அதன்பின் ஒன்றுதான். அந்த ஒன்றும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வரிசையாகக் குரல் வாக்கெடுப்பில் முடிந்தால் மிஞ்சுவது என்ன? பக்கத்துக் கேரளத்தில் மசோதாக்கள் துறைவாரியான குழுவுக்குப் போய்த் திரும்புவது வழக்கம். தெரிவுக்குழு என்ற சொல் நம் விதிகளிலும் இருக்கிறது. அதைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

கோட்டையிலிருந்து கிண்டி ஆளுநர் மாளிகைக்குப் போன மசோதாக்கள் தனிக்கதை. 2023 நவம்பர் 18இல் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய பத்து மசோதாக்கள், 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஏப்ரல் 11 அரசிதழில் சட்டங்களாக வெளிவந்தன. எது எந்தத் தேதியில் போனது, எத்தனை காலம் கிடந்தது என்ற பட்டியலை என்னைப் போன்றவர்கள் முதலில் பார்த்தது அந்த வழக்கினால்தான். அரசுக்கும் ஆளுநருக்கும் வழக்கு வந்தால்தான் தேதி தெரியும் என்றால், வழக்குக்குப் போகாத மசோதாக்களின் தேதி யாருக்குத் தெரியும்?

ஆவணங்களைப் புதிதாக உருவாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எல்லாம் இருக்கின்றன, ஆளுக்கொரு அலமாரியில். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கியபோது ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவும், மனு வரும்வரை காத்திராமல் தாமாகவே வெளியிடுங்கள் என்றுதான் அரசு அலுவலகங்களுக்குச் சொல்கிறது.

பேரவைத் தலைவருக்கும் செயலகத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கூட்டத்தொடரில் அறிமுகமாகும் முதல் மசோதாவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் திறங்கள். அறிமுக நாள், விளக்கவுரை, கொடுத்த திருத்தங்கள், அவற்றில் ஏற்றதும் தள்ளியதும், விவாதம், ஆளுநருக்கு அனுப்பிய தேதி, திரும்பிய தேதி, அரசிதழ், அமலான நாள், விதிகள் என எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் வரட்டும். தேடக்கூடிய தமிழில் வரட்டும். திரும்பப் பெற்ற மசோதாவின் பக்கத்தையும் அழிக்காமல் வையுங்கள்.