செக்ரோலும் சரித்திரமே

பல்கலைக்கழக நூலகங்களில் அரிய பொருள்களுக்கென்று தனி அறை ஒதுக்குவது மரபு. ஓலைச்சுவடிகளும் துரைமார் எழுதிய பயண நூல்களும் அங்கே கண்ணாடிக்குள் வீற்றிருக்கின்றன. அவற்றைக் காப்பதில் நமக்கு மறுப்பில்லை, காக்கத்தான் வேண்டும். ஆனால், எது அரியது என்று தீர்மானிப்பவர் யார்? இதுவே நமது கேள்வி.

சப்ரகமுவ மாகாணத்தின் மலைச்சரிவுகளைப் பாருங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை. இங்கே தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களின் சரித்திரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பெர்குசன் டைரக்டரியைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர் உண்டு. ஏக்கர்க் கணக்கு உண்டு. உடைமையாளரும் துரையும் உண்டு. கொழுந்து பறித்தவள் இல்லை. அவள் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது தோட்டத்து ஆப்பிஸின் செக்ரோலில்தான். முழுப்பேர் போட்டதும் அரைப்பேராக வெட்டியதும் அதிலே தெரியும்.

செக்ரோல் மட்டுமன்று. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக்கொடுத்த துண்டு (1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது), தொழிலாளியைத் தெருவில் நிறுத்திய பற்றுச்சீட்டு, 1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தில் வெளியேற்றத்தை எதிர்த்து நடந்தது போன்ற போராட்டங்களின் துண்டறிக்கைகள் ஆகிய யாவும் அரிய ஆவணங்களே. விலையுயர்ந்தவை என்பதாலல்ல, ஒன்று அழிந்தால் அதற்கு மறுபிரதி கிடையாது என்பதால்.

"கூலிக் கணக்கேடு ஆராய்ச்சிக்குரிய பொருளா?" என்று புருவம் உயர்த்தும் பண்டிதர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம் மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. எதைக் கொண்டு நிரூபிப்பது? காகிதத்தைக் கொண்டுதான். அந்தக் காகிதம் தொழிலாளியின் கையில் இல்லை. துரையின் அலுமாரியில் இருந்தது. ஒரு தாள் இருந்ததா இல்லையா என்பது ஒரு குடும்பம் இங்கே இருப்பதா, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலேறுவதா என்பதையே தீர்மானித்தது. ஆவணத்தின் அருமையை இம் மக்களுக்குப் புதிதாக எவரும் போதிக்க வேண்டியதில்லை.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை உலகம் அறியும். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும் தீ வைக்கப்பட்டது. லயக் காம்பராவில் எரிந்த டிரங்குப் பெட்டிக்குள் என்ன ஆவணங்கள் இருந்தன என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. அதுவும் ஒரு நூலகமே.

தீக்குத் தப்பியதை மழை தின்னும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65க்கு மேல் நீடித்தால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மரக்கூழ்க் காகிதம் தன்னுள்ளிருக்கும் அமிலத்தால் தானே பழுத்து ஒடியும். கறையானும் இராமபாணமும் காத்திருக்கவே மாட்டா. "படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும்" என்பார் உளர். படம் பிடிக்க வேண்டியதே. பலர் படிக்க அது உதவும். ஆயினும், கைநாட்டின் மையையும், பெயரைச் சுரண்டி அழித்த தடத்தையும் ஐயமறச் சோதிக்க மூலத்தாளே வேண்டும். கணினிச் சேமிப்புக்கும் ஆயுள் உண்டு.

"பணமில்லை" என்பது அடுத்த சாக்கு. நனையும் வெளிச்சுவரிலிருந்து அலுமாரியைத் தள்ளி வைப்பதற்கும், மெல்லிய தூரிகையால் தூசு அகற்றுவதற்கும், பசைநாடா ஒட்டாதிருப்பதற்கும் பெரும் பணம் வேண்டாம். அமிலமற்ற பெட்டிகளும், கிழிசலைச் செப்பனிட ஜப்பானிய மென்தாளும் மாப்பசையும் பட்டப்படிப்பு நடத்தும் நிறுவனத்துக்கு எட்டாத செல்வங்களல்ல. இல்லாதது பணமன்று, மனம்.

1995இல் நிறுவப்பட்ட சப்ரகமுவ பல்கலைக்கழகம் பெலிகுல்ஓயாவில் நிற்கிறது. பலாங்கொடைத் தோட்டங்கள் அதன் அயலில் இருக்கின்றன. இம் மண்ணின் உழைப்பு ஆவணங்களைத் தேடித் திரட்டி, பட்டியலிட்டு, பேணி, தொழிலாளியின் பிள்ளைக்குத் தமிழிலும் கிராமத்து விவசாயியின் பிள்ளைக்குச் சிங்களத்திலும் வாசிக்கத் தருவதைவிட மேலான கடமை அதன் நூலகத்துக்கு வேறென்ன? கம்பெனிகளும் பழைய ஏடுகளைக் கழிவுக் காகிதமாக்கும் முன் நூலகத்திடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவையே. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. கைமாறியது நிலம். அதில் உழைத்தவரின் வரலாறு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமன்று.

ஆசிரியர்களே, மாணவர்களே! விடுமுறைக்கு லயத்துக்குப் போகும்போது பாட்டியின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே மடிந்து கிடக்கும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நூலகத்தின் வாசலில் போய் நின்று கேளுங்கள்: இதற்கு இடம் எங்கே?