முத்திரை யார் கையில்?

தோழனே,

தாம்பரம் இரயில் நிலையத்தின் மேற்கு வாயிலைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால், ஓரத்திலே மஞ்சள் ஆட்டோக்கள் அணிவகுத்து நிற்பதை நாள்தோறும் காண்கிறாய். முடிச்சூருக்கு ஆள் தேடும் குரலும், பெருங்களத்தூருக்கு இடம் பிடிக்கும் குரலும் உன் செவிக்குப் பழகிப்போனவை. அந்த வண்டிக்குச் சக்கரங்கள் மூன்று. அந்த மூன்று சக்கரங்களை ஆளுகின்ற அரசர்கள் எத்தனை பேர் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஓட்டுநர் உரிமம் வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து வாயிலில் நிற்கவேண்டும். வண்டியின் நெற்றியில் 'டி.என். 11' என்று எழுதித்தரும் அலுவலகம் அது. பதிவுச் சான்றா, பெர்மிட்டா, எஃப்.சி.யா, எல்லாவற்றுக்கும் அதே படிக்கட்டு. சரி, படியேறி இறங்கியாயிற்று. இனி வண்டியை எங்கே நிறுத்துவது? சாலை நெடுஞ்சாலைத் துறையின் உடைமை. நெரிசல் காவல்துறையின் பொறுப்பு. 2022 சனவரி 1 முதல் தாம்பரத்துக்கென்றே தனிக் காவல் ஆணையரகம் உண்டு. நிலைய வளாகமோ இரயில்வேக்குச் சொந்தம்; அதன் தலைவாசல் தில்லியில் இருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும் இடம் கோட்டை. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று விதித்தார்கள். ஆண்டுகள் உருண்டன, எரிபொருள் விலை ஏறிற்று, விதித்த கட்டணம் மட்டும் விதித்த இடத்திலேயே நின்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஓட்டுநர் சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 அன்று, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று தாங்களே அறிவித்துக் கொண்டன. அது முறையா என்று கேட்போர் கேட்கட்டும். பன்னிரண்டாவது ஆண்டும் ஓடிக்கொண்டிருக்கையில் பட்டினியோடு முறை பேசுவது எப்படி என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

இத்தனை அரசர்களுக்கு இடையில் உன் மாநகராட்சி எங்கே இருக்கிறது?

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகக் கோத்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 2022 பிப்ரவரியில் 70 வட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. வீடுவீடாகச் சென்றோம், சந்துசந்தாகச் சென்றோம், வாக்குக் கேட்டோம், பெற்றோம். ஆனால் ஓட்டுநன் ஒருவன் தன் வட்டத்து உறுப்பினரிடம் வந்து, "ஐயா, என் ஸ்டாண்டைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டால், அவர் தரக்கூடியது ஆறுதலும் ஒரு பரிந்துரைக் கடிதமுமே.

சட்டத்திலே இடமில்லையா என்றால், இருக்கிறது! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கும் இடங்களை அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு தீர்மானிக்கவேண்டும் என்கிறது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது இணைக்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணையில், நகராட்சிகளுக்கு உரியவை என்று எண்ணிச் சொல்லப்பட்ட 18 பொருள்களுள் வண்டி நிறுத்துமிடமும் பேருந்து நிறுத்தமும் உண்டு. ஏட்டில் இருக்கிறது, நாட்டில் எங்கே? கலந்துகொள்வது என்றால் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் போவது என்றே பொருள் கொள்ளப்படுகிறது. மன்றத்தில் வைத்து, ஓட்டுநனையும் பயணியையும் பக்கத்துக் கடைக்காரனையும் அழைத்துப் பேசுவது என்று அதற்குப் பொருள் கொள்ள யார் தடை?

2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதை எண்ணிப் பார். நகர நெரிசலைக் குறைக்கத் தேவையான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தென்மாவட்டப் பேருந்துக்காகப் பெருங்களத்தூரில் நள்ளிரவிலும் மக்கள் திரண்டு நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். அந்தத் திரளை நம்பி ஆட்டோ நின்றது, தேநீர்க்கடை நின்றது, பழவண்டி நின்றது. முனையம் நகர்ந்தபோது அந்தக் கூட்டமும் நகர்ந்தது. திட்டம் தீட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அதன் பலனைச் சுமந்தது பெருங்களத்தூர்.

இனிக் கடைக்கு வருவோம். இங்கே முத்திரை மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது. உணவு விடுதியா, மாவு மில்லா, பட்டறையா, தொழில் உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது. வெள்ளையர் காலத்தில், 1920-இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம், 'அபாயகரமானதும் அருவருப்பானதுமான தொழில்கள்' என்று பெயரிட்டு ஒரு நீண்ட பட்டியலை வைத்திருந்தது. உழைத்துப் பிழைப்பவனின் தொழிலுக்குத் துரைமார் சூட்டிய பெயரைப் பார்த்தாயா! 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. சட்டம் புதிது. பழக்கம் மட்டும் பழையது: உரிமம் தருபவர் ஆணையர், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் அல்ல.

உரிமமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதே. பம்மலையும் நாகல்கேணியையும் அறிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் பதனிடும் ஆலையால் வந்த பெயர். ஆலைகள் சோறு போட்டன, உண்மை. அதே ஆலைகளின் கழிவு மண்ணில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்ததும் உண்மை. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வழங்கியதே, அந்த வழக்கைத் தொடுத்தது யார்? அரசா, நகராட்சியா? வேலூர்க் குடிமக்களின் நலமன்றம் ஒன்று! தன் வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று சொல்லத் தமிழன் தில்லி வரை நடக்கவேண்டியிருந்தது. உரிமம் எழுதப்படும் நாளிலேயே ஊர் மன்றத்தில் அவன் குரல் கேட்கப்பட்டிருந்தால் அந்தப் பயணம் எதற்கு? ஆகவே, கடை திறக்கக் கேட்பவனுக்குச் செவி கொடுப்பது போலவே, அந்தக் கடைக்குப் பின்சுவரில் வாழ்பவளுக்கும் செவி கொடுக்கவேண்டும் என்கிறேன்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது, கேள். பெர்மிட் கேட்டு வருபவனைச் சாதாரணமாக மறுக்கக்கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். அவன் தரப்பைக் கூறவும் வாய்ப்புத் தரவேண்டும். இவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 80-ஆவது பிரிவிலேயே உள்ளன. அந்த அலுவலகத்தில் ஊரின் பிரதிநிதி எவரும் இல்லை. மாநகராட்சியிலோ ஊரின் பிரதிநிதிகள் எழுபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னே உரிம விசாரணை நடப்பதில்லை. விசாரணை ஓரிடம், ஊர் ஓரிடம்!

கோவலனைக் கொன்றது வாளா? விசாரியாமல் பிறந்த ஓர் ஆணை அல்லவா! பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், முடிந்தது கதை. கண்ணகி மன்றத்துக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகே பாண்டியனுக்கு உண்மை புலப்பட்டது. அந்த விசாரணை முன்னரே நடந்திருந்தால் மதுரை எரிந்திராது. மேசைக்குள்ளே உறங்கும் மனு உயிரைப் பறிக்காது என்பாய். வாங்கிய கடனுக்கு வட்டி ஏற, வாடகை கொடுத்து, பூட்டிய கடையின் முன்னே உரிமத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்தைக் கேட்டுப்பார்.

கடல் கடந்த ஒரு நாட்டில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்திலே, இலண்டன் நீங்கலாக, டாக்சி ஓட்டுநனுக்கு உரிமம் தருவது உள்ளாட்சி மன்றம். மது விற்கவும் கேளிக்கை நடத்தவும் கட்டடத்துக்கு உரிமம் தருவதும் அதுவே. 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி மன்ற உறுப்பினர்கள் பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட குழு உண்டு. எதிர்ப்பு வந்த மனுக்களை மூவர் கொண்ட உட்குழு விசாரிக்கிறது. அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் எழுதித் தரலாம், நேரில் வந்து பேசலாம். முடிவுக்குக் காரணம் சொல்லப்படும். பிடிக்காதவர் நீதிமன்றம் செல்லலாம். நம் ஊரிலே மதுக்கடை எந்தத் தெருவில் வரவேண்டும் என்பதில் மாநகராட்சி மன்றத்துக்கு முடிவான சொல் கிடையாது. மாநகராட்சிப் பகுதியில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர் தள்ளி என்று விதி அளந்து கொடுக்கிறது; மாவட்ட ஆட்சியர் அனுமதிக்கிறார். தாய்மார்கள் தெருவில் அமர்கிறார்கள். ஏன் அமர்கிறார்கள்? அவர்கள் எழுந்து பேச ஓர் அவை இல்லாததால் அமர்கிறார்கள்.

"மாமன்ற உறுப்பினர் கையில் கொடுத்தால் கொள்ளை போகும்" என்று மாற்றார் சொல்வார்கள். நம் தோழர்களிலேயே சிலர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதையே சொல்வார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். இங்கிலாந்தின் ராதர்ஹாம் மன்றத்தில் நடந்தது பெருங்கொடுமை: சிறுமியர் பல்லாண்டுகள் சீரழிக்கப்பட்டார்கள், அதில் டாக்சிகளுக்குப் பங்கிருந்தும் உரிமம் தரும் மன்றம் கடமையில் தவறிற்று. 2015-இல் விசாரணை அறிக்கை வந்ததும் மேலிருந்து ஆணையர்களை அனுப்பி மன்றத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் உரிமம் தரும் வேலையை நாட்டின் தலைநகருக்கே நிலையாக மாற்றினார்களா? இல்லை. ஓட்டுநருக்கான விதிகளைக் கடுமையாக்கினார்கள். திருந்திய மன்றத்தின் கையில் பொறுப்பைத் திருப்பித் தந்தார்கள்.

நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து தெற்கே சென்றால் எட்டிவிடக்கூடிய உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாராட்டாத மேடை இல்லை. குடவோலை முறை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பெருமை பேசுவோம். பேசுவோர் பலர் ஒன்றை விழுங்கிவிடுவர்: அது பிரமதேயத்தின் சபை. நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். உழுதவனுக்கும் வண்டி ஓட்டியவனுக்கும் அங்கே ஓலை இல்லை. ஆகவே அந்தச் சபையை அப்படியே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அதிலிருந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்: பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது! ஆயிரமாண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய இந்த விதியை உரிமக் குழுவுக்கு வைத்தால், கொள்ளை போகும் என்ற அச்சத்தில் பாதி தீரும்.

உழைப்பவனையே அவையில் அமர்த்தும் வழியும் புதியதன்று. 2014-ஆம் ஆண்டு தெருவோர வணிகர் சட்டப்படி ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெருவோர வணிகர்கள், அவர்கள் தங்களுக்குள்ளே தேர்ந்தெடுத்தவர்கள், இருக்கவேண்டும். அந்த வணிகர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் தட்டு வைத்து விற்பவளுக்குச் சட்டம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டுநனுக்கும் சந்துக்குள் பட்டறை வைத்தவனுக்கும் அந்த நாற்காலி ஏன் இல்லை?

நான் நாடகம் எழுதுகிறவன். உரிமம் என்ற சொல் எங்கள் கூட்டத்துக்குப் பழைய பகைவன். 1954-இல் வந்த நாடக நிகழ்ச்சிச் சட்டம், ஆளவந்தார்க்குப் பிடிக்காத நாடகத்துக்குத் திரை போடும் ஆயுதமாயிற்று. நடிகவேள் எம்.ஆர். இராதா அந்த ஆயுதத்தின் கூர்மையை அறிவார். 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் பற்களைப் பிடுங்கியது. அறைக்குள்ளே ஒருவர் எழுதும் மறுப்பு எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதற்கு இது போதும்.

தோழனே, 1969-இல் இராசமன்னார் குழு அமைத்தோம். 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றினோம். சென்னைக்கு உரியதைத் தில்லி பிடித்து வைத்திருக்கிறது என்று அன்று முழங்கினோம், இன்றும் முழங்குகிறோம். தாம்பரத்துக்கு உரியதைச் சென்னை பிடித்து வைத்திருந்தால் அதற்கு வேறு நியாயம் கற்பிக்க நம்மால் முடியாது.

2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலிலேயே அமர்ந்து மக்களின் குறை கேட்டார். சாலை கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள்; கேட்கவேண்டியவைதாம். அடுத்த முறை உன் பகுதி சபை கூடும்போது மூன்று தீர்மானங்களை எழுதிக் கொண்டு போ. ஆட்டோ, டாக்சி நிறுத்துமிடத்தை மாற்றுவதற்கு முன் 117-ஆவது பிரிவுப்படி கேட்கப்படும் கருத்து மன்றத்தின் முன் வரவேண்டும் என்பது ஒன்று. ஆட்சேபம் உள்ள தொழில் உரிம மனுக்களை மன்றக் குழு ஊரறிய விசாரித்து, காரணத்தோடு முடிவெழுத வேண்டும் என்பது இரண்டு. மனு வந்த நாள், முடிவு வந்த நாள், மறுத்த காரணம் மூன்றையும் வட்ட அலுவலகச் சுவரில் மாதந்தோறும் ஒட்டவேண்டும் என்பது மூன்று. எழுதித் தர ஆளில்லை என்றால் நம் படிப்பகத்துக்கு வா. எழுதத் தெரிந்த இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டு படி எடு. ஒன்றைத் தலைவரிடம் கொடு. மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் நாளும் வாங்கிவை.