நட்டத்திலும் பங்கு வேண்டும்



உறுப்பினர்களின் முன்பணத்தில் நடக்கும் சிறு காய்கறிப் பண்ணைகள் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் அறிமுகமான இம்முறைக்கு, விளைச்சலோடு நட்டத்தையும் பகிர்ந்துகொள்வதுதான் அடிப்படை.

பண்ணையில் கிடைப்பது பருவத்தைப் பொறுத்தது. ஆடிப்பட்டத்தில் விதைத்த அவரை மார்கழி, தையில் கூடை நிறையக் காய்க்கும். ஐப்பசி அடைமழையில் தக்காளி அழுகும், கீரை மூழ்கும். சித்திரை வெயிலில் வெள்ளரியும் பூசணியும் வரும். பன்னிரண்டு மாதமும் கேரட், பீன்ஸ் வேண்டுமென்பவர்களுக்குச் சந்தை இருக்கிறது. மழையில் பயிர் போனால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதவரே உண்மையான உறுப்பினர். பண்ணையாளர்களும் ஆள் சேர்க்கும்போதே பருவ அட்டவணையைக் கொடுத்து, நட்டத்திலும் பங்கு உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

– ஒரு வாசகி, திருவண்ணாமலை