விடாமல் கேட்ட விதவையும் எங்கள் விண்ணப்பங்களும்

எங்கள் சபையின் ஜெபக் குறிப்புகளில் சுகவீனம் வரும், பரீட்சை வரும், வேலை வரும், ஊரில் இருக்கும் அம்மம்மாவின் சத்திரசிகிச்சையும் வரும். ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு ஒன்றரை வருடமாக ஒரு பதிலும் இல்லாமல் இருப்பவர்களின் பெயர் மட்டும் வராது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "உங்கட பாஸ்போர்ட் அலுவல் என்ன மாதிரி?" என்று யாராவது கேட்பார்கள். "இன்னும் ஒண்டும் வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம். வராததற்கு எங்களிடமே ஏதோ குறை இருப்பதுபோல ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் வாலிபர்களாகிய நாங்கள் இம்முறை எழுத விரும்புகிறோம்.

முதலில் தாமதத்தின் காரணம். 2024 ஜூன் 27 ஆம் திகதி புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்டு வருட வதிவிடம் என்ற நிபந்தனை ஐந்தாகக் குறைந்தது. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்று ஜேர்மனி கேட்பதும் நின்றது. (இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இரண்டாவது மாற்றம் உதவவில்லை. இரட்டைக் குடியுரிமையை இந்தியச் சட்டமே அனுமதிப்பதில்லை.) அதுவரை தயங்கி நின்ற பலரும் விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டில் 291,955 பேர் ஜேர்மன் குடியுரிமை பெற்றார்கள். அதற்கு முந்திய ஆண்டில் 200,095. ஆகவே அலுவலகங்கள் தூங்குகின்றன என்று சொல்வது நியாயமில்லை. வாசல் அகலமான அளவுக்கு உள்ளே மேசைகள் கூடவில்லை. பேர்லினில் 2024 ஜனவரியில் பன்னிரண்டு மாவட்டங்களின் வேலையை ஒரே மாநில அலுவலகம் பொறுப்பேற்றபோது, அதனிடம் வந்து சேர்ந்த பழைய விண்ணப்பங்களே ஏறக்குறைய 40,000. ஒவ்வொரு நகரமும் தன் வேகத்தில் போகிறது. அக்காவுக்கு ஒரு நகரத்தில் ஐந்து மாதத்தில் கிடைத்து, தம்பிக்குப் பக்கத்து நகரத்தில் இரண்டு வருடமாகியும் கிடைக்கவில்லை என்றால், அக்காவின் விசுவாசம் பெரிது என்று அர்த்தமில்லை. சாட்சி சொல்லும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

"இருக்கிற விசாவோடு இருக்கலாம்தானே, என்ன அவசரம்?" என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. 2025 பெப்ரவரி 23 ஆம் திகதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், இங்கேயே பள்ளிக்கூடம் போய் இங்கேயே வரி கட்டுகிற எங்கள் நண்பர்கள் சிலர் வாக்களிக்க முடியாமல் வீட்டில் இருந்தார்கள். ஆசிரியப் பயிற்சி முடித்தவர், குடியுரிமை இல்லாததால் நிரந்தர அரச ஊழியராக முடியாமல் ஒப்பந்தத்தில் நிற்கிறார். லண்டனில் ஒரு செத்தவீடு என்றால் இன்னும் மோசம். ஜேர்மன் கடவுச்சீட்டு உள்ள தங்கை அடுத்த விமானத்தில் போய்விடுவாள். அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகமோ இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோ வைத்திருக்கிற அண்ணன் பிரித்தானிய விசாவுக்கு விண்ணப்பித்து வாரக்கணக்கில் நிற்க வேண்டும். பெரியப்பாவின் பெட்டியை அவன் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பான்.

இந்த வேதனைக்குச் சபையில் நாம் கொடுக்கும் ஆறுதல் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "கர்த்தருடைய வேளைக்குக் காத்திரு." மற்றது, "எங்கட குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது." இரண்டும் வேத சத்தியமே. ஆனால் அவற்றைச் சொல்லும் இடம் சரியா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. பரலோகக் குடியுரிமையைப் பற்றிப் பவுல் எழுதியது பிலிப்பி சபைக்கு. அந்தப் பட்டணம் ஒரு ரோமக் குடியேற்றம். ரோமக் குடியுரிமையின் பெருமை தெரிந்த ஊர். அதே பிலிப்பியில்தான் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டார்கள். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடும்படி சொல்லப்பட்டபோது பவுல் போகவில்லை. தாங்கள் ரோமக் குடிகள் என்பதை எடுத்துச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப்போக வேண்டும் என்றார். பிற்பாடு செசரியாவில் பேலிக்ஸ் அவரை இரண்டு வருடம் தீர்ப்பில்லாமல் காவலில் வைத்திருந்தான். பவுல் பொறுத்திருந்தார். பெஸ்து வந்தபோது, சட்டம் தனக்குக் கொடுத்த உரிமையின்படி இராயனிடம் முறையிட்டார். அந்த முறையீட்டை அவிசுவாசம் என்று நாம் ஒருபோதும் பிரசங்கித்ததில்லை.

லூக்கா 18 ஆம் அதிகாரத்து விதவையும் அப்படித்தான். இயேசு அவளை ஜெபத்துக்கு உதாரணமாகச் சொன்னார். அதை நாங்கள் மறக்கவில்லை. என்றாலும் அந்த உவமையில் அவள் செய்கிற வேலை என்ன? நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறாள்.

ஜேர்மன் சட்டத்திலும் அப்படிக் கேட்க ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதத்துக்குள், போதிய காரணமில்லாமல், முடிவு தரப்படவில்லை என்றால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 'உன்டேட்டிக்கைட்ஸ்கிளாக' என்பது இந்த வழக்கின் பெயர். முதல் நிலை நீதிமன்றத்தில் சட்டத்தரணி கட்டாயமில்லை. நீதிமன்றக் கட்டணமாகச் சில நூறு யூரோ முன்கூட்டிக் கட்டவேண்டிவரும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லை என்றால் அந்தச் செலவு அலுவலகத்தின் தலையில் விழும். மூன்று மாதம் முடிந்த மறுநாளே எல்லாரும் வழக்குப் போடவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் கோப்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம், பதில் இல்லையென்றால் திகதி குறித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லை என்றால் நீதிமன்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் பெற்றோரில் பலருக்கு இந்தப் பேச்சே பயம். "வழக்குப் போட்டால் அவையள் கோபிச்சு ஃபைலை மறிச்சுப்போடுவினம்" என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அரச அலுவலகத்தில் குரலை உயர்த்தாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அனுபவித்துப் படித்தவர்கள் அவர்கள். அதை நாங்கள் கேலி செய்யக்கூடாது. ஆனால் இங்கே நிபந்தனைகளை நிறைவு செய்தவருக்குக் குடியுரிமை சட்டப்படி உரியது. தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் அதிகாரி அதை மறுக்க முடியாது. இதைப் பெற்றோருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்துவது பிள்ளைகளாகிய எங்கள் வேலை.

எங்கள் பக்கத்திலும் தாமதம் உண்டு. தமிழ்ப் பெயர்கள் ஜேர்மன் படிவங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், திருமணச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் 'எச்' உண்டு, மற்றதில் இல்லை. மூன்றும் ஒரே ஆள்தானா என்று அதிகாரி கேட்டு எழுதினால் சில மாதங்கள் போய்விடும். விண்ணப்பித்த பிறகு வீடு மாறினால், வேலை மாறினால், பிள்ளை பிறந்தால் உடனே அறிவிக்க வேண்டும். காலாவதியான கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். குறுக்கு வழியில் மொழிச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறவர்களிடம் தயவுசெய்து போகவேண்டாம். ஏமாற்றிப் பெற்ற குடியுரிமையைப் பத்து வருடம் வரை திரும்ப எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

காத்திருப்பு எங்கள் இனத்துக்குப் புதியதல்ல. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கையின் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் இருந்தது. 1964 இல் இரண்டு பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரின் காரியம் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003 இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம். எங்கள் ஒன்றரை வருடத்தை அதோடு ஒப்பிடுவது சரியல்ல. எங்களிடம் வதிவிட உரிமையும் நீதிமன்றமும் உண்டு. அந்த வசதி இல்லாதவர்களே கேட்பதை நிறுத்தவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

சபையாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணித்தியாலம், மண்டபத்தின் சின்ன அறையை வாலிபர்களுக்குத் தாருங்கள். வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும், பதில் எழுதவும், குடியுரிமைத் தேர்வின் 33 கேள்விகளுக்குப் பழக்கவும் எங்களால் முடியும். B1 பேச்சுத் தேர்வுக்குப் பயப்படுகிற மாமிமாருடன் ஜேர்மன் மொழியில் கதைத்துப் பழகவும் முடியும். சட்ட ஆலோசனை எங்கள் வேலையில்லை. அதற்கு டியாக்கோனியின் குடிவரவு ஆலோசனை நிலையங்கள் இலவசமாக இருக்கின்றன, 27 வயதுக்குட்பட்டோருக்குத் தனியான சேவையும் உண்டு. தனியாகப் போகக் கூச்சப்படுகிறவரோடு எங்களில் ஒருவர் கூடப் போவோம்.

ஜெபக் குறிப்பிலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். விரும்புகிறவர்கள் பெயர் தரட்டும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அந்த அதிகாரிகளையும் அதே வரியில் சேர்க்கலாம்.