டிரிப்பரை ‘டைரக்ட்’ பண்ணாதீங்க!

எலக்ட்ரீஷியன் யாரிடமாவது ‘டிரிப்பர்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிக்கும். நான் சொல்வது பழைய ஃப்யூஸ் கட்டைக்குப் பதிலாக வந்த எம்.சி.பி.யை அல்ல. மெயின் போர்டில் ‘டி’ என்று ஒரு சின்னப் பட்டனோடு இருக்குமே, ஆர்.சி.சி.பி., அதைத்தான். பழைய ஆட்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்கிறார்கள்.

எங்கள் தெருவில் போன வருஷம் மட்டும் நாலு வீட்டில் ஒயரிங் வேலை நடந்தது. வேலைக்கு வந்த எல்லோருமே, “அக்கா, சட்டம் போடறவங்க வந்து ஒயர் இழுத்துப் பார்க்கட்டும். மழை பெஞ்சா போதும், இது சும்மா சும்மா விழும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன் எனக்குத்தான் வரும்” என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். விலையும் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று சொல்வதால், வீட்டுக்காரரும் “அது எதுக்கு, வேண்டாம் விடுப்பா” என்று அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்.

இது ஒன்றும் நேற்று வந்த சட்டமில்லை. 1956-ம் வருஷத்து மின்சார விதிகளுக்குப் பதிலாக 2010-ல் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தபோதே, வீடுகளுக்குக் கரண்ட் கசிந்தால் விழும் கருவி வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். முதலில் 5 கிலோவாட்டுக்கு மேல் என்றிருந்தது, பிறகு 2 கிலோவாட்டுக்கு இறங்கியது. 2023-ல் வந்த புது விதிகளிலும் இருக்கிறது. 2 கிலோவாட் என்பது பங்களாக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ஒரு கீசரே அவ்வளவு இழுக்கும்!

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். பையனிடம் பணம் கொடுத்துக் கடைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் பில்லையும் மீதியையும் கூட்டிப் பார்ப்போம் இல்லையா? அதே வேலைதான் இதுவும். வீட்டுக்குள் போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. நடுவில் கொஞ்சம் குறைந்தால், அது எங்கேயோ ஈரச் சுவர் வழியாகவோ நம் உடம்பு வழியாகவோ பூமிக்குள் போகிறது என்று அர்த்தம். உடனே விழுந்துவிடும். எம்.சி.பி. அப்படியல்ல. அது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு. 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கும் லைனில் நமக்கு ஷாக் அடித்தால், நம் உடம்பில் பாய்கிற கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாம் துடித்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்.

அப்படியானால் ‘சும்மா விழுது’ என்கிறார்களே? சும்மா விழவில்லை என்பதுதான் என் கட்சி. சுவருக்குள் ஒயர் நைந்திருக்கும், அல்லது கிரைண்டர் மோட்டாரில் ஈரம் இறங்கியிருக்கும். இன்னொன்று, ஒயர் மிச்சம் பிடிக்க ஒரு ரூமின் நியூட்ரலைப் பக்கத்து ரூமுக்கும் கொடுத்திருப்பார்கள். அந்த மாதிரி வீட்டில் இரண்டு டிரிப்பர் போட்டால் இரண்டுக்குமே கணக்கு உதைக்கும். கோளாறு வீட்டில், திட்டு டிரிப்பருக்கு!

என் நாத்தனார் வீட்டில் மழைக்காலத்தில் இரண்டு தடவை விழுந்தது. வந்தவர் எங்கே கசிகிறது என்று தேடவில்லை. பத்து நிமிஷத்தில் டிரிப்பரை ‘டைரக்ட்’ பண்ணி, “இனிமே தொந்தரவு இருக்காது” என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிப் போனார். இரண்டு மாதம் கழித்து, ஈரத் துணியோடு வாஷிங் மெஷினைத் தொட்டவளைத் தூக்கியடித்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் இன்றுவரை அந்த மெஷின் பக்கம் போக அவளுக்குக் கை நடுங்குகிறது.

எலக்ட்ரீஷியன்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுக்குக் கூலி ‘பாயிண்டுக்கு இவ்வளவு’ என்று பேசுகிறோம். கசிவு எங்கே என்று ஒவ்வொரு லைனாகக் கழற்றித் தேட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு யார் கூலி தருகிறார்கள்? பலரும் சின்ன வயசில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். விதி மாறியதை அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. நாமும் கிரானைட்டுக்கும் டைல்ஸுக்கும் லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு, பச்சை எர்த் ஒயரில் போய்ப் பேரம் பேசுகிறோம். எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட்டதோடு சரி, கோடையில் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

எங்கள் ஊரிலேயே ஒரு தம்பி இதை அழகாகச் செய்கிறார். வீடு முழுக்க ஒரே டிரிப்பரை மாட்டுவதில்லை. கிரைண்டர், கீசர், வாஷிங் மெஷின் லைனுக்கு ஒன்று, லைட், ஃபேனுக்கு ஒன்று. மிக்ஸியில் கோளாறு என்றால் ஹால் இருட்டாவதில்லை, நடு ராத்திரி போனும் வருவதில்லை. செலவு கூடத்தான். ஆனால் அவரைப் பற்றி எந்த வீட்டிலும் நான் குறை கேட்டதில்லை.

டிரிப்பர் இருக்கிற தைரியத்தில் ஈரக் கையோடு எதையும் தொடலாம் என்று இல்லை, சகோதரிகளே. இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டால் அதற்கும் தெரியாது, கணக்கு சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மூன்று பின் பிளக்கில் ஒரு காலை உடைத்து இரண்டு பின் ஆக்குகிற கெட்டிக்காரத்தனத்தையும் விடவேண்டும்.

ஒயரிங் வேலை என்றால் ‘ஆம்பளைங்க பார்த்துப்பாங்க’ என்று நாம் உள்ளே போய்விடுகிறோம். நாள் முழுக்கத் தண்ணீரில் கை நனைத்துக்கொண்டு ஸ்விட்ச் போடுகிறவர்கள் நாம்தானே? வேலை முடிந்து கூலி கொடுக்கும் முன், அந்த ‘டி’ பட்டனை நம் கண் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்வோம். விழுந்தால் பணம். விழவில்லை என்றால், “சரி பண்ணிட்டு வாங்கிக்குங்க தம்பி” என்று மோர் கொடுத்து உட்கார வைப்போம். அதன் பிறகு மாதம் ஒரு தரம், கேஸ் டியூபைப் பார்க்கிற அன்றைக்கு, நாமே அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷ வேலை.

- ஒரு வாசகி, கும்பகோணம்.