நீலம் அடிக்கும் கல்லுக்கு என்ன குறை?

வைரத்தில் ஃப்ளோரசன்ஸ் இருந்தால் அது குறை, அதனால் விலை குறையும் என்று இப்போது நகைக்கடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். என் கட்சி இதுதான்: அந்த ஒளிர்வு பெரும்பாலும் கண்ணுக்கே தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு கல்லைக் 'குறையுள்ள கல்' ஆக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு வைர வியாபாரம் எதுவும் கிடையாது. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் என் வயதுக்காரர்கள். அம்மா போட்டிருந்த தோடு, மாமியார் கொடுத்த பேசரி என்று வங்கி லாக்கரில் ஏதாவது இருக்கும். பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கவோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கவோ அதை வெளியே எடுக்கும் காலம் இது. அப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு சின்ன விளக்கை எடுத்துக் காட்டி, ஒரு பெரிய ஆங்கில வார்த்தையைச் சொன்னால் நாம் வாயடைத்துப் போகக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் பௌதிகத்தைப் பிரெஞ்சில் படித்தவன் நான். எங்களுக்கு அது 'ஃப்ளுயோரசான்ஸ்'. 1852ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி, ஃப்ளோரைட் என்ற கனிமத்தின் பெயரை வைத்து உண்டாக்கிய சொல். மலேரியாவுக்குக் கொடுப்பார்களே கினின், அதன் கரைசலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். அதையும் அவர் ஆராய்ந்தார். விஷயம் எளிது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பது. நம் வீட்டு ட்யூப்லைட் செய்வதும் அதுதான். உள்ளே பாதரச ஆவி புற ஊதா ஒளியைக் கிளப்புகிறது, குழாயின் உட்புறத்தில் பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றுகிறது. (மெதுவாகப் புரிந்துகொள்பவனை 'ட்யூப்லைட்' என்று திட்டுகிறோம். பாவம், அது எவ்வளவு வேலை செய்கிறது!)

வைரம் என்பது கரி. ஆனால் சுத்தக் கரி அபூர்வம். பூமிக்குள் உருவாகும்போது கொஞ்சம் நைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். வைரத்துக்கு லேசான மஞ்சள் வருவது பெரும்பாலும் அதனால்தான். அந்த நைட்ரஜன் அணுக்களில் மூன்று, ஒரு காலி இடத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டால், புற ஊதா ஒளி பட்டதும் கல் நீலமாக ஒளிரும். அமெரிக்காவில் வைரத்துக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் கணக்குப்படி, வைரங்களில் 25 முதல் 35 சதவீதம் வரை ஏதாவது ஒரு அளவில் ஒளிர்பவை. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் ஒளிர்வது நீல நிறத்தில். அதாவது மூன்று நான்கு கற்களுக்கு ஒரு கல். இது என்ன அதிசய வியாதியா?

சான்றிதழில் இதை ஐந்து படியாக எழுதுவார்கள்: இல்லை, மங்கல், நடுத்தரம், பலமானது, மிகப் பலமானது. கவனியுங்கள், நிறம், தெளிவு, வெட்டு, எடை ஆகியவைதான் தரம். ஒளிர்வைத் தரத்தில் சேர்ப்பதில்லை, அடையாளமாக மட்டும் குறிக்கிறார்கள். நம் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'அங்க அடையாளம்: இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதியிருக்குமே, அது மாதிரி. அந்த மச்சத்துக்காக யாரும் நம் இன்கிரிமென்டை வெட்டவில்லை.

அது கண்ணுக்குத் தெரியுமா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1997ல் ஜி.ஐ.ஏ. தன் பத்திரிகையில் ஒரு ஆய்வை வெளியிட்டது. மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்து, ஒளிர்வில் மட்டும் வேறுபட்ட கற்களை வரிசையாக வைத்து, தொழில் தெரிந்தவர்களிடமும் சாதாரண ஆட்களிடமும் காட்டினார்கள். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. தொழில் தெரிந்தவர்கள்? கல்லை முகம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தபோது, பலமாக ஒளிரும் கற்களின் நிறம் கொஞ்சம் மேல் என்றுதான் பொதுவாகச் சொன்னார்கள். மட்டம் என்று சொல்லவில்லை.

காரணம் நம் வீட்டுச் சலவையில் இருக்கிறது. பழுத்துப்போன வெள்ளை வேட்டியைச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும். மஞ்சளுக்கு நீலம் எதிர் நிறம். ஒன்றை ஒன்று தின்றுவிடும். லேசான மஞ்சள் உள்ள கல்லில் நீல ஒளிர்வு இருந்தால், பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதா ஒளி பட்டு, அந்த மஞ்சள் சற்று அடங்கும். இப்போதைய சோப்புத்தூளில் இன்னும் ஒரு படி மேலே போய், நிஜமாகவே ஒளிரும் பொருளைக் கலக்கிறார்கள். கள்ள நோட்டு பார்க்கும் விளக்கின் கீழே வெள்ளைச் சட்டைக் கையை நீட்டிப் பாருங்கள், சட்டை நீலமாக எரியும். கடைக்காரர் கையில் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே விளக்குதான். அதன் கீழே பார்த்தால் வைரம் எரியத்தான் செய்யும். அந்த வெளிச்சத்தில் யார் கல்யாணத்துக்குப் போகிறார்கள்?

நம் ஊர் வரலாறும் இதில் ஒரு சாட்சி. 'ப்ளூ ஜாகர்' என்ற பெயரைக் கேட்காத வீடு உண்டா? கல்யாணத்துக்கு வைரத் தோடு வாங்கினால் ப்ளூ ஜாகர்தான் வேண்டும் என்று பாட்டிமார்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் என்று ஒரு சுரங்கம். 1870ல் அங்கே வைரம் கிடைத்தது, 1971ல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த நல்ல கற்களில் லேசான நீல ஓட்டம் இருந்ததால் அந்தப் பெயர் பரவியது. எழுத்தைப் பார்த்து நாம் 'ஜாகர்' என்று ஆக்கிக்கொண்டோம். சுரங்கம் போனபின்பும் பெயர் நின்றுவிட்டது. வெயிலில் நீலம் அடிக்கும் வெள்ளைக் கல் எதுவானாலும் ப்ளூ ஜாகர்தான். அந்த நீலம் பெரும்பாலும் என்ன? இதே ஒளிர்வுதான்! அன்று அதற்குக் கூடுதல் விலை, இன்று அதற்கே தள்ளுபடி. கல் மாறவில்லை, சொல்பவர்தான் மாறினார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 'ப்ளூ-ஒயிட்' என்ற பெயரை வைத்து மஞ்சள் கல்லைக்கூடத் தள்ளிவிட்டவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். 1938ல் அமெரிக்க அரசு, பகல் வெளிச்சத்தில் நீலமாகத் தெரியாத கல்லுக்கு அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. உதிரிக் கற்களை மடித்துவைக்கும் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உள்தாள் பல சமயம் வெளிர் நீலமாக இருக்கும். கல் வெள்ளையாகத் தெரியத்தான் அந்த ஏற்பாடு. அதனால் கல்லை எப்போதும் வெறும் வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் எண்பதை நெருங்கும் ஒரு அம்மாள், கணவரை இழந்தவர். மூட்டு ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும் என்று தன் தாயாரின் ஏழு கல் தோட்டை விற்க முடிவு செய்தார். "தம்பி, நீங்க கூட வாங்க" என்றார். போனோம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. கவுண்டரில் இருந்த பையன் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, கல்லுல ஸ்ட்ராங் ப்ளூ ஃப்ளோரசன்ஸ் இருக்கும்மா. இப்ப இதை யாரும் எடுக்க மாட்டாங்க. ரேட்டு ரொம்பக் குறையும்" என்றான். அந்த அம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. "எங்க அம்மா இந்த நீலத்துக்காகவே அதிகம் குடுத்து வாங்கினாங்கப்பா" என்றார்.

நானும் விளக்கின் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு தோட்டில் உள்ள ஏழு கல்லில் ஐந்து நீலமாக எரிந்தன, இரண்டு இருட்டாக இருந்தன. "விளக்கை அணைங்க தம்பி. வாசலுக்கு வாங்க" என்றேன். படியில் நின்று, தோட்டைக் கொஞ்சம் திருப்பி அவன் கையில் கொடுத்து, "இதுல எரியாத ரெண்டு கல்லு எதுன்னு சொல்லுங்க" என்றேன். உருட்டி உருட்டிப் பார்த்தான். கண்ணில் லென்ஸை வைத்தும் பார்த்தான். கடைசியில், "சார், மார்க்கெட் அப்படித்தான் சார்" என்றான். அறுபது வருஷமாக அந்தத் தோட்டைப் பார்த்த எத்தனையோ பேரில் ஒருவருக்கும் தெரியாத வித்தியாசம் அது.

அவன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை, மறைக்கக்கூடாது. நிறமே இல்லாத உயர்தரக் கல்லில், சான்றிதழ் எழுத்துப்படி டி, ஈ, எஃப் என்பவற்றில், பலமான ஒளிர்வு இருந்தால் வியாபாரிகள் விலை குறைத்துத்தான் கேட்கிறார்கள். அது சந்தை வழக்கம். ஆனால் நம் பாட்டிமார்களின் தோட்டில் உள்ளவை பெரும்பாலும் அந்த ரகம் இல்லை, கொஞ்சம் மஞ்சள் சாயல் உள்ளவை. அவற்றுக்கு ஒளிர்வு ஒத்தாசை செய்கிறது. டி கல்லுக்கு உள்ள விதியை எடுத்து இந்தக் கல்லின் தலையில் கட்டுவது சரியில்லை. அடுத்த கடையில் இருந்த பெரியவர் ஒளிர்வைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "கட்டிங் பழசும்மா, ஒரு கல்லு ஓரத்துல உடைஞ்சிருக்கு" என்றார். கண்ணால் பார்க்கக்கூடிய காரணம். அதை வைத்துப் பேரம் பேசினோம், அந்த அம்மாளும் மன நிறைவோடு கொடுத்துவிட்டு வந்தார்.

சில எரிந்து சில எரியாமல் இருந்தது இன்னொரு வகையில் நல்ல சேதிதான். பல கற்கள் பதித்த நகையில் இயற்கை வைரங்கள் பெரும்பாலும் இப்படித்தான், ஒன்று பலமாக, ஒன்று லேசாக, ஒன்று ஒன்றுமில்லாமல் இருக்கும். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி எரிந்தால்தான் இவை என்ன கல் என்று சந்தேகப்பட வேண்டும். இதை வைத்தே அசல் போலி என்று முடிவுகட்ட முடியாது. அதற்குச் சோதனைக்கூடம் இருக்கிறது.

நீலம் என்றதும் சிலர் 'ஹோப்' வைரத்தை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு ஜாதி. அதன் உடம்பே நீலம், போரான் என்ற தனிமம் கலந்ததால் வந்த நிறம். எங்கள் பிரெஞ்சுக்காரர் தவெர்னியே நம் நாட்டிலிருந்து கொண்டுபோய் 14ஆம் லூயி மன்னருக்கு விற்ற கல்லை வெட்டி வெட்டிக் குறைந்தது அது. 1792ல் புரட்சி நேரத்தில் அரச களஞ்சியத்திலிருந்து திருடிவிட்டார்கள். இப்போது 45.52 காரட், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டி அணைத்தால், இருட்டில் சில விநாடிகள் சிவப்பாகத் தணல்போல் ஒளிருமாம். நம் தோட்டுக் கல் விளக்கை அணைத்ததும் பொதுவாக அடங்கிவிடும்.

ஒளிர்வால் உண்மையிலேயே கெட்டுப்போகும் கல் இல்லையா என்றால், உண்டு. மிகப் பலமாக ஒளிரும் சில கற்கள் வெயிலில் எண்ணெய் தடவியதுபோல, பால் கலந்ததுபோல மங்கித் தெரியும். அதை வாங்கக்கூடாது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். ஆனால் ஜி.ஐ.ஏ.வுக்குச் சோதனைக்கு வரும் ஒளிரும் கற்களில் இப்படிப்பட்டவை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. அந்த இரண்டைக் கண்டுபிடிக்க விளக்கு வேண்டாம், வெயில் போதும்.

வெயில் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், இப்போது கடைகளில் எல்லாம் எல்.இ.டி. விளக்குகள். அவற்றில் புற ஊதா ஒளி அநேகமாகக் கிடையாது. அங்கே வைரம் எப்படித் தெரிகிறதோ, அது நம் வீட்டுத் தாழ்வாரத்தில் தெரியும் விதம் அல்ல. முன்பெல்லாம் தெரிந்த வியாபாரி கல்லைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவார். மூன்று நாள் வீட்டில் வைத்து, ராசி பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, காலை வெயிலிலும் சாயங்கால வெளிச்சத்திலும் பாட்டிமார்கள் பார்த்துவிடுவார்கள். ராசியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. பார்த்த முறை மிகச் சரியானது.

பேரப்பெண்ணுக்குப் புதுசாக வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சான்றிதழில் 'மீடியம் ப்ளூ', 'ஸ்ட்ராங் ப்ளூ' என்று இருந்து, வாசலில் கொண்டுபோய்ப் பார்த்தும் கல் தெளிவாக இருந்தால், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், சந்தோஷமாக வாங்குங்கள். விற்கும்போது மட்டும் அது குறை, வாங்கும்போது பேச்சே இல்லை என்றால் எப்படி?

விற்கப் போகிறவர்கள் துண்டுச் சீட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். எத்தனை சென்ட், என்ன நிறம், வெட்டுக்கு எவ்வளவு குறைத்தார்கள், உடைசலுக்கு எவ்வளவு, ஒளிர்வுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவரோடு உட்கார்ந்து பேசலாம். வாயால் மட்டும் சொல்கிறவரிடம், "பிள்ளையைக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, தோட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.